ஒரே படமா, இரண்டு பாகமா, வெப் சீரிஸா, கரு மட்டுமா? நாவலைத் திரைக்குக் கொண்டுபோகும் முன் எடுக்க வேண்டிய முடிவு

ஊரே விரும்பிப் படித்த நாவல் ஒன்றைப் படமாக்க உட்கார்ந்தால் முதல் தடுமாற்றம் வடிவத்தில்தான் வருகிறது. இரண்டரை மணி நேரத்தில் சொல்லிவிட முடியுமா, இரண்டு பாகமாக உடைக்கலாமா, எட்டு எபிசோடாக ஓடிடிக்குக் கொண்டுபோகலாமா, இல்லை கருவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதலாமா? பெரும்பாலும் பக்க எண்ணிக்கையைப் பார்த்தே பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆயிரம் பக்கம் என்றால் இரண்டு பாகம், இருநூறு பக்கம் என்றால் ஒரே படம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல், இரண்டு படங்களாயிற்று. ஜெயமோகனின் 'துணைவன்' ஒரு சிறுகதை. அதிலிருந்து புறப்பட்ட 'விடுதலை'யும் இரண்டு படங்களாயிற்று. ஆகவே பக்கத்தை எண்ணி ஒன்றும் ஆகப்போவதில்லை. வாசகர் அந்த நாவலில் எதை நேசிக்கிறார், அது திரையில் எவ்வளவு இடம் கேட்கிறது என்பதைத்தான் அளக்க வேண்டும். அந்த அளவீட்டுக்கு இரண்டு மூன்று வாரங்கள் போதும். அதைச் செய்யாமல் நடிகரிடம் கதை சொல்லப் போவதால்தான் பாதி வழியில் வடிவத்தை மாற்ற வேண்டிவருகிறது.

## முதலில் அளக்க வேண்டியவை

நிகழ்ச்சிகள் எத்தனை. நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஒரு நிகழ்ச்சிக்கு ஓர் அட்டை எழுதுங்கள். அட்டையில் மூன்றே வரி: யார் யார், எங்கே, இது முடிந்தபின் என்ன மாறியிருக்கிறது. மூன்றாவது வரியில் எழுத ஒன்றும் கிடைக்காத நிகழ்ச்சியை வேறு நிற அட்டைக்கு மாற்றிவிடுங்கள். இரண்டரை மணி நேரப் படத்தில், ஒரு சீனுக்கு சராசரி இரண்டு நிமிடம் என்று வைத்தால், எழுபத்தைந்து சீன்களுக்குத்தான் இடம். நானூறு பக்க நாவலில் மாற்றத்தை உண்டாக்கும் நிகழ்ச்சிகள் நூற்றைம்பதைத் தாண்டுவது சாதாரணம். எவ்வளவு போகப்போகிறது என்பது அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும். தூக்கிப்போட மனம் வராத அந்த வேறு நிற அட்டைகளைப் பத்திரமாக வைத்திருங்கள். நாவலின் மணம் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.

வாசகர் மனதில் எது தங்கியிருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்னாவது அந்த நாவலைப் படித்து முடித்த பத்துப் பேரைப் பிடியுங்கள். புத்தகத்தைப் புரட்டவிடாமல் பத்து நிமிடத்தில் கதை சொல்லச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். இடையில் எடுத்துக்கொடுக்காதீர்கள். ஏழு பேர் தாமாகவே சொல்லும் இடங்கள்தான் தொடக்கூடாத இடங்கள். அவர்கள் எந்த வகையில் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். "அப்புறம் என்ன ஆச்சுன்னா" என்று போகிறவர்கள் சம்பவங்களை நேசிக்கிறார்கள். "அவ எப்பவும் அப்படித்தான்" என்று தொடங்குகிறவர்கள் பாத்திரத்தை நேசிக்கிறார்கள். சிலர் கதையே சொல்லமாட்டார்கள். அந்த ஊரை, அந்தத் தெருவை, மழை பெய்த ஒரு நாளைச் சொல்வார்கள். வடிவத்தை முடிவுசெய்ய இதைவிட நல்ல தகவல் வேறு கிடைக்காது.

கதை யார் குரலில் நிற்கிறது. ஏதாவது பத்துப் பக்கங்களை எடுத்து, கேமராவும் மைக்கும் பிடிக்க முடியாத வாக்கியங்களை எல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். பாத்திரத்தின் எண்ணம், ஆசிரியரின் விமர்சனம், "இன்னும் மூன்று வருடத்தில் இதற்காக அவள் அழப்போகிறாள்" போன்ற முன்னறிவிப்பு எல்லாம் கோட்டுக்குள் வரும். பாதிக்கு மேல் கோடு விழுந்தால் அந்த நாவல் குரலில் வாழ்கிறது. அதன் சம்பவங்களை ஒன்றுவிடாமல் படமாக்கினாலும் வாசகர் "நாவல் மாதிரி இல்லை" என்றுதான் சொல்வார். சம்பவம் எல்லாம் இருந்தும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று இயக்குநர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

படிக்காதவருக்கு என்ன தெரியும். படம் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் நாவலைப் படித்திருக்க மாட்டார்கள். சீன் ஆர்டர், அதாவது படத்தில் வரும் காட்சிகளின் வரிசை, தயாரானதும் நாவலே தெரியாத மூன்று பேரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். "அவர் யாரு?" என்று குறுக்கே கேட்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நாவலை நம்பி நீங்கள் எதையோ விட்டிருக்கிறீர்கள்.

உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை வாரிசுகளிடமோ, அவர்களிடமிருந்து வாங்கியவரிடமோ இருக்கும். ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். திரைக்கதைக்கே பல மாதம் ஆகிற வேலையில் இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுவது ஆபத்து. இன்னொன்று: உரிமையை விற்ற பிறகும் தன் படைப்பு திரிக்கப்பட்டால் எதிர்க்கும் தனி உரிமையை 57ஆம் பிரிவு ஆசிரியருக்குக் கொடுக்கிறது. மன்னு பண்டாரியின் இந்தி நாவல் படமான வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 1986இல் இதை உறுதியாகச் சொன்னது. ஆகவே என்னென்ன மாற்றப்போகிறீர்கள் என்பதை ஆசிரியரிடம் முன்னாலேயே பேசி எழுதி வாங்குவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. மொழிபெயர்ப்பிலிருந்து வேலை செய்தால் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி. தொடர்கதையாக வந்தபோது வரைந்த ஓவியரின் உரிமையும் தனி.

பணமும் நாட்களும். சாதாரண வேகத்தில் ஒரு படத்துக்கு நாளொன்றுக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிட ஃபுட்டேஜ் தேறும். சீரிஸில் நாலு, ஐந்து நிமிடம் எடுத்தே ஆகவேண்டும். மற்ற செலவுகள் எல்லாம் இந்த வேகத்திலிருந்து பிறக்கின்றன.

## ஒரு கிணறு, நாலு வழி

ஒப்பிட வசதியாக ஓர் அத்தியாயத்தைக் கற்பனை செய்துகொள்வோம். விடியற்காலை. ஒரு பெரியவர் வீட்டுக் கிணற்றில் வாளியை இறக்குகிறார். அந்தக் காலத்தில் கயிறு பதினெட்டுப் பிடி இறங்கினால் வாளி தண்ணீரைத் தொடும். இன்றைக்கு முப்பதாவது பிடியில் வாளி மண்ணில் தட்டுகிறது. நடுவில் உள்ள பன்னிரண்டு பிடிக்குள் இறந்துபோன மனைவி, விற்ற வயல், ஊரைவிட்டுப் போன மகன் எல்லாவற்றையும் ஆசிரியர் ஆறு பக்கத்தில் சொல்லி முடிக்கிறார். வெளியே நடந்தது ஒன்றுமில்லை: ஒரு ஆள் தண்ணீர் இறைக்கப்போய் வெறும் வாளியோடு திரும்பினார். வாசகர்களோ பத்து வருடம் கழித்தும் இந்த அத்தியாயத்தைத்தான் சொல்கிறார்கள்.

## வழி 1: ஒரே படம்

கதையின் மையக் கேள்வி ஒன்றாக இருக்கும் நாவலுக்கு இது பொருந்தும். அவன் தப்பிப்பானா, அவள் அந்த வீட்டைவிட்டு வெளியேறுவாளா, கொலை செய்தது யார் என்பது போல. கதைக்காலம் குறுகியதாக, முடிவெடுத்துக் கதையைத் திருப்பும் பாத்திரங்கள் ஆறேழு பேருக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

சுருக்குவதில் எல்லோரும் செய்யும் தவறு, எல்லா அத்தியாயத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளுவது. யாருக்கும் கோபம் வரக்கூடாது என்று செய்கிறார்கள். விளைவு, வாரப் பத்திரிகையில் வரும் 'முன்கதைச் சுருக்கம்' மாதிரி ஒரு படம். எல்லோரும் வருகிறார்கள், யாரும் தங்குவதில்லை. கிள்ளுவதற்குப் பதில் ஒரு கிளைக்கதையை ஆட்களோடு சேர்த்து வேரோடு எடுக்க வேண்டும்.

அதைச் செய்யும் முறை இது. கிளைக்கதைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றும் மையக்கதைக்கு என்ன கொடுக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். அது ஒரு தகவலைக் கொடுக்கிறது என்றால் (கடிதம் எங்கே இருக்கிறது, யார் யாருக்கு உறவு) அந்தத் தகவலை வேறு பாத்திரத்தின் வாயிலோ கையிலோ கொடுத்துவிடலாம், கிளைக்கதை போகலாம். அது ஓர் உணர்ச்சியைக் கொடுக்கிறது என்றால் எளிதில் போகாது. நாயகனிடம் இருக்கும் ஈரத்தை அவன் தங்கையின் கதை மட்டும்தான் காட்டுகிறது என்று வையுங்கள். தங்கையை எடுத்தால் அவன் வறண்டுபோவான். எடிட்டில் எதை ஒட்டினாலும் அந்த வறட்சி போகாது.

இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்குவது அடுத்த வழி. இரண்டு மாமாக்கள் ஒரு மாமா ஆவார்கள், பள்ளி ஆசிரியரும் நண்பரும் ஒருவராவார்கள். இதற்கு எளிய சோதனை உண்டு. இருவரும் நேருக்கு நேர் நின்று வேறு வேறு கருத்துச் சொல்லும் இடம் நாவலில் இருக்கிறதா? இருந்தால் அவர்களை ஒன்றாக்கக் கூடாது. ஒன்றாக்கினால் அந்த ஒருவர் முதல் பாதியில் ஒரு மாதிரியும் இரண்டாம் பாதியில் வேறு மாதிரியும் பேசுவார். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் அவரை நம்ப மாட்டார்.

குரலில் வாழும் நாவலாக இருந்தால் வாய்ஸ் ஓவரில் கை போகும். கிணற்று அத்தியாயத்தில் பெரியவரின் எண்ணத்தை அவர் குரலிலேயே ஓடவிடலாம். ஆனால் படத்தில் கயிறு இறங்குவதைக் காட்டிக்கொண்டே "கயிறு இறங்கிக்கொண்டே போனது" என்று சொல்வதில் பயனில்லை. படம் காட்டாத ஒன்றை, அல்லது படத்துக்கு முரணான ஒன்றைச் சொன்னால்தான் குரலுக்கு வேலை உண்டு. இதைவிடச் சிக்கனமான வழி விதைத்து அறுப்பது. முன்னால் ஒரு கல்யாண வீட்டுக் காட்சியில் சின்னப் பையன் "பதினாறு, பதினேழு, பதினெட்டு" என்று எண்ணிக்கொண்டே கயிறு விடட்டும். பதினெட்டில் தண்ணீர் சத்தம் கேட்கட்டும். பின்னால் பெரியவர் இறைக்கும்போது வசனமே வேண்டாம். பதினெட்டு வரும், சத்தம் வராது, சகடை மட்டும் சுற்றிக்கொண்டே போகும். ஐம்பது விநாடி. ஆறு பக்கமும் வந்துவிடும். ஆனால் விதைப்புக்குத் தனியாக முப்பது விநாடி வேண்டும். அந்த முப்பது விநாடியை "இது எதுக்கு சார்?" என்று எடிட்டில் தூக்கிவிடாமல் காக்க ஒரு ஆள் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு எடிட் டேபிளில் வரும். நாவல்மேல் உள்ள பற்றினால் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, முதல் எடிட் மூன்றேமுக்கால் மணி நேரம் வந்து நிற்கும். அதில் ஒரு மணி நேரத்தை வெட்டினால், நாளுக்கு இரண்டரை நிமிடக் கணக்கில், இருபத்துநாலு நாள் படப்பிடிப்பு குப்பைக்குப் போகிறது. வெட்டியதால் விட்டுப்போன தொடர்பை ஒட்ட டப்பிங்கில் புது வசனம் பேசவைப்பார்கள். நடிகர் முதுகைக் காட்டி நிற்கும் ஷாட்டாகத் தேடி எடுத்து அந்த வசனத்தை வைப்பதை நீங்கள் பல படங்களில் பார்த்திருக்கலாம். காகிதத்தில் வெட்டினால் இந்தச் செலவு இல்லை. வெட்டாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் விட்டால் தியேட்டரில் ஒரு நாளைக்கு ஓடும் காட்சிகள் குறையும்.

## வழி 2: இரண்டு பாகம்

நடுவில் உண்மையான ஒரு திருப்பம் இருக்கும் நாவலுக்கு மட்டும் இது பொருந்தும். திருப்பத்துக்கு முன் ஒரு கேள்விக்கு விடை கிடைத்து, அந்த விடையிலிருந்தே பெரிய கேள்வி ஒன்று பிறக்க வேண்டும். சரிபாதிப் பக்கத்தில் கத்தி வைத்தால் முதல் பாகம் வெறும் அறிமுகமாக நின்றுவிடும். "இன்னும் கதையே ஆரம்பிக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு எழுந்துபோகும் பார்வையாளரை இரண்டாம் பாகத்துக்குத் திரும்ப அழைப்பது கடினம்.

நம் தியேட்டர்களில் இன்டர்வெல் உண்டு என்பதை இதில் மறந்துவிடுகிறார்கள். இரண்டு பாகம் என்றால் நாலு துண்டு. முதல் பாக இன்டர்வெல், முதல் பாக முடிவு, இரண்டாம் பாக இன்டர்வெல் என்று மூன்று இடங்களில் பார்ப்பவரைக் கட்டிப்போட வேண்டும். சீன் ஆர்டர் எழுதும்போதே இந்த மூன்று இடத்துக்கும் நாவலில் தகுந்த நிகழ்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றைப் புதிதாக உருவாக்கலாம். மூன்றையும் உருவாக்க வேண்டியிருந்தால் இந்த வழி உங்கள் நாவலுக்கு ஒத்துவரவில்லை.

'பொன்னியின் செல்வன்' பாகங்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்தன. இடைவெளி ஏழு மாதம். சேர்த்தால் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். அவ்வளவு நீளத்திலும் நாவலில் வரும் மணிமேகலை என்ற பாத்திரத்துக்கு இடமில்லை. நாவலோ அவள் மரணத்தோடுதான் முடிகிறது. இது குறை சொல்வதற்காக அல்ல. நீளம் இரட்டிப்பானாலும் தேர்ந்தெடுக்கும் வேலை அப்படியே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. இரண்டு பாகம் போனால் எல்லாவற்றையும் வைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கிணற்றுக் காட்சிக்கு இங்கே ஒரு தொல்லை. முதல் பாகத்தில் பையன் எண்ணுவதை விதைத்து இரண்டாம் பாகத்தில் அறுக்கலாமா? ஏழெட்டு மாதம் கழித்துப் பதினெட்டு என்ற எண் யாருக்கும் நினைவிருக்காது. பாகம் தாண்டி வருவது பெரிய உணர்ச்சிகள் மட்டுமே: யார்மேல் யாருக்கு வஞ்சம், யார் யாரைப் பிரிந்தார். பொருள், எண், சின்ன வசனம் எல்லாம் அதே பாகத்துக்குள் விதைத்து அதே பாகத்தில் அறுக்கப்பட வேண்டும்.

செலவு விஷயத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் எடுப்பது மேல். செட் அப்படியே நிற்கும், நடிகரின் தாடி, எடை, வயது கன்டின்யுட்டியில் உதைக்காது. ஆனால் மொத்தப் பணமும் முதல் பாகம் வெளியாகும் முன்பே இறங்கிவிடும், வட்டி ஓடும், முதல் பாகம் விழுந்தால் இரண்டாம் பாகத்தை விற்க முடியாது. தனித்தனியாக எடுத்தால் பண ஆபத்து குறையும். கால்ஷீட் ஆபத்து கூடும். குழந்தை நட்சத்திரம் இருக்கும் கதையைத் தனித்தனியாக எடுக்கவே கூடாது. ஒரு வருடத்தில் பையனுக்குக் குரல் உடைந்துவிடும்.

## வழி 3: வெப் சீரிஸ்

நாற்பது நிமிடம் வீதம் எட்டு எபிசோட் என்றால் 320 நிமிடம். பாத்திரத்தையும் ஊரையும் நேசிக்கும் வாசகர்களைக் கொண்ட நாவலுக்கு இந்த அகலம் வரம். எடுத்துவைத்திருந்த வேறு நிற அட்டைகள் இங்கேதான் உயிர்பெறும். கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு எபிசோடிலும் யாராவது ஒருவர் தண்ணீர் இறைக்கட்டும். பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தாறு என்று கயிறு நீண்டுகொண்டே போகட்டும். யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஏழாவது எபிசோடில் வாளி மண்ணில் தட்டும்போது பார்ப்பவருக்கு நெஞ்சு தட்டும். படத்தில் இதைச் செய்ய இடமே கிடையாது.

பத்திரிகையில் தொடராக வந்த நாவல் என்றால் "அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொக்கி இருக்கிறதே, அப்படியே எபிசோட் ஆக்கிவிடலாம்" என்று தோன்றும். அந்தக் கொக்கிகள் ஒரு வாரம் காத்திருப்பவருக்காகப் போட்டவை. கதவு தட்டும் சத்தத்தோடு அத்தியாயம் முடியும். அடுத்த வாரம் பார்த்தால் பால்காரர். எட்டு எபிசோடுக்கு ஏழு பெரிய கொக்கிகள் வேண்டும். அவற்றுக்குப் பின் கதை உண்மையிலேயே திசை மாற வேண்டும். நூறு அத்தியாயங்களில் அப்படிப்பட்டவை பதினைந்து தேறினால் நல்ல அறுவடை. அவற்றை முதலில் குறித்து, இடையில் உள்ளதை அதற்கேற்ப அடுக்குங்கள்.

எங்கே சறுக்கும்? நாலாவது, ஐந்தாவது எபிசோடில். நாவலில் நடுப்பகுதி மெதுவாகப் போனாலும் வாசகரை நடை இழுத்துக்கொண்டு போயிருக்கும். திரையில் நடை போய்விடும், மெதுவு மட்டும் மிஞ்சும். அதை மறைக்கப் புதிதாகச் சண்டையோ காதலோ சேர்ப்பார்கள். 200 பக்க நாவலை எட்டு எபிசோடாக இழுத்தால் இது நிச்சயம் நடக்கும். அதற்கு ஐந்து எபிசோட் கேளுங்கள். ஓடிடி தளத்தோடு பேசும்போது எபிசோட் எண்ணிக்கையை அவர்கள் முதலில் சொல்லிவிடுவதுண்டு. அட்டைகளை எண்ணிய பிறகு நீங்கள் சொல்வதுதான் முறை.

இங்கே மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. மொத்தப் பட்ஜெட் பெரிதாகத் தெரிந்தாலும் நிமிடத்துக்குக் கிடைக்கும் பணம் குறைவு. போர், திருவிழா, பழைய கால நகரம் எல்லாம் நாவலில் இருந்தால் அவை மெலிந்துபோகும். தளத்தின் திருத்தக் குறிப்புகள் ஒவ்வொரு கட்டத்திலும் வரும். அவற்றுக்கு நாவலை முழுக்கப் படித்த ஒருவர் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மூன்று நாலு எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதுவதில் பாத்திரத்தின் பேச்சு எபிசோடுக்கு எபிசோட் மாறும். மூன்றாவது உரிமை. பழைய 'திரைப்பட உரிமை' ஒப்பந்தத்தில் சீரிஸ் அடங்கும் என்று நம்ப முடியாது. ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறித்திருந்தாலன்றி, அது செல்லாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் சொல்கிறது.

## வழி 4: கரு மட்டும்

வாசகர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கும் வழி இது. ஆனால் தமிழில் நல்ல படங்கள் பல இப்படித்தான் வந்தன. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' என்ற குறுநாவலிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்து மகேந்திரன் 1979இல் 'உதிரிப்பூக்கள்' செய்தார். பூமணியின் 'வெக்கை' ஒரு சிறுவன் கொலை செய்துவிட்டுத் தந்தையோடு தலைமறைவாக அலையும் எட்டு நாட்கள். வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) அந்தத் தந்தைக்கு ஒரு முன்கதையை உண்டாக்கி, கதையை அவர் தோளுக்கு மாற்றியது. மையம் மாறியதால் இன்டர்வெல், கோபம், முடிவு எல்லாமே மாறின.

குரலில் வாழும் நாவலுக்குப் பல சமயம் இதுவே நேர்மையான வழி என்பது என் துணிபு. பென்சில் கோடு பாதிக்கு மேல் விழுந்த நாவலை வரிசைப்படி எடுத்தால் உடல் கிடைக்கும், மூச்சு கிடைக்காது. அந்தக் குரல் எழுப்பிய கேள்வியை எடுத்துக்கொண்டு, திரைக்கே உரிய புது உடலை உண்டாக்கினால் பிழைக்கலாம். கிணற்றுக் கதையில் நாவல் முழுவதையும் விட்டுவிட்டு, வற்றிய கிணறும் அதைத் தூர்வார ஊருக்குத் திரும்பும் மகனும் என்று ஒரே வாரத்தில் நடக்கும் படம் எழுதலாம். நாவலில் அந்த வாரமே இருக்காது. அந்தப் பன்னிரண்டு பிடி இருக்கும்.

சுலபம் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். நாவலின் கட்டுமானம் கைக்கு உதவாது. எலும்பிலிருந்து எழுத வேண்டும். தழுவலுக்கு நாலு மாதம் என்றால் இதற்கு எட்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். "கரு மட்டும்தானே" என்று உரிமை வாங்காமல் விடுவது பெரிய தவறு. வெறும் எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லைதான். ஆனால் பாத்திரங்களும் நிகழ்ச்சி வரிசையும் ஒத்துப்போனால் அது எண்ணம் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது; வழக்கு வருவது வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில். அதோடு பெயர் விஷயம். நாவலின் பெயரையே வைத்தால் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறீர்கள். வேறு பெயர் வைத்து, டைட்டில் கார்டில் எழுத்தாளர் பெயரைத் தெளிவாகப் படிக்கும் அளவு நேரம் காட்டுவது இந்த வழிக்குப் பொருந்தும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | ஒரே படம் | இரண்டு பாகம் | வெப் சீரிஸ் | கரு மட்டும் |
|---|---|---|---|---|
| திரை நேரம் | 150 நிமிடம் | 300–330 நிமிடம் | 200–320 நிமிடம் | 120–150 நிமிடம் |
| கொள்ளும் சீன்கள் | 75 அளவில் | 150–165 | 100–160 | புதிதாக எழுதுவது |
| வாசகர் நேசிப்பது | ஒரே கேள்வியில் ஓடும் கதை | பெரிய சம்பவங்கள், போர், அரசியல் | பாத்திரங்கள், ஊர் | குரல், கேள்வி |
| அகக்குரலுக்கு இடம் | விதைத்து அறுத்தால் உண்டு | குறைவு | அதிகம் | வேறு உருவில் |
| எங்கே உடையும் | எடிட்டில் | முதல் பாக முடிவில் | 4, 5ஆம் எபிசோடில் | எழுத்து மேசையில் |
| ஆசிரியரோடு உரசல் | வெட்டியதற்கு | வெட்டியதற்கு, குறைவாக | சேர்த்ததற்கு | மாற்றியதற்கு |
| தனியாகப் பார்க்க வேண்டிய ஒப்பந்த வரி | ஓராண்டு காலாவதி | இரண்டு படத்துக்குமான காலம் | ஊடகத்தின் பெயர் | மாற்றங்களுக்கான சம்மதம் |

## எந்த வழியில் போனாலும் கூடவே வருபவை

முகம். தொடர்கதையாக வந்த நாவல்களில் பாத்திரத்தின் முகத்தை ஆசிரியரைவிட ஓவியர்தான் வாசகர் மனதில் வரைந்திருப்பார். பொன்னியின் செல்வனுக்கு மணியம், தில்லானா மோகனாம்பாளுக்கு கோபுலு. நடிகர் தேர்வில் வரும் சண்டைக்கு வேர் இதுதான். ஓவியத்தில் உள்ள முகத்தைத் தேடாமல், அதில் உள்ள நிற்கும் விதத்தை, பார்வையை, தலை சாய்வைத் தேடினால் பொருத்தம் கிடைக்கும்.

வசனம். வாசகர்கள் மனப்பாடமாகச் சொல்லும் வரி, கண்ணுக்காக எழுதிய வரி. நாவலில் அதற்கு முந்தைய விவரணை வாக்கியம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். திரையில் அந்த வாக்கியம் இல்லை. நடிகரை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வெட்டுங்கள். அனேகமாகப் பாதி வரியே போதும், மீதியைப் பார்வை சொல்லிவிடும். வட்டார வழக்கு நாவலென்றால் டப்பிங்குக்கு முன், படப்பிடிப்பிலேயே, அந்தப் பகுதிக்காரர் ஒருவர் மானிட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். சொல் சரியாக இருந்தும் இழுவை தவறினால் அந்த ஊர்க்காரருக்குக் காது வலிக்கும்.

முடிவு. நாவலின் சோகமான முடிவை மாற்றலாமா என்று தயாரிப்புத் தரப்பிலிருந்து கேள்வி வரும். பத்துப் பேர் சோதனையில் முடிவை எத்தனை பேர் சொன்னார்கள் என்று பாருங்கள். ஆச்சரியமாக, பல நாவல்களில் முடிவு யாருக்கும் நினைவிருக்காது. அப்படியானால் மாற்றத் தடையில்லை. ஏழு பேர் முடிவிலிருந்தே கதையைத் தொடங்கினார்கள் என்றால், அதை மாற்றுவது அந்த நாவலை விட்டுவிட்டு வேறு நாவல் எடுப்பதற்குச் சமம்.

## சிக்கலான சில நிலைமைகள்

நிகழ்ச்சி அதிகம், குரலும் அடர்த்தி, பணம் குறைவு: சீரிஸ் என்று தோன்றும், ஆனால் நாவலின் ஒரே ஒரு பகுதியை, ஒரு பருவத்தை மட்டும் எடுத்து ஒரே படம் ஆக்குவது நல்லது. ஐம்பது வருடக் கதையில் நாயகியின் பதினேழாம் வயது மட்டும். மீதி இருப்பதாகவே காட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆசிரியர் உயிரோடு இருக்கிறார், தானே திரைக்கதை எழுத விரும்புகிறார்: முதல் சீன் ஆர்டரை அவரிடம் கேட்காதீர்கள், தன் குழந்தைகளில் யாரை விடுவது என்று அவரைக் கேட்பதற்கு ஒப்பாகும். வெட்டிய பிறகு மிஞ்சியதை அவர் கையில் கொடுத்து, இடையில் உள்ள பள்ளங்களை நிரப்பச் சொல்லுங்கள். அந்த வேலையை அவரைப்போல் யாராலும் செய்ய முடியாது.

நடிகரின் கால்ஷீட் முதலில் கிடைத்துவிட்டது, நாவலின் நாயகன் நாவலில் பாதி நேரம் இல்லவே இல்லை: கரு மட்டும் என்ற வழிக்கு மாறுங்கள், அல்லது நடிகரை மாற்றுங்கள். இல்லாத அத்தியாயங்களில் நாயகனை நுழைத்தால், மற்றவர்கள் அவனைப் பற்றிப் பேசிப்பேசி வளர்த்த மர்மம் போய்விடும். அந்த மர்மத்துக்காகத்தான் வாசகர் அவனை நேசித்தார்.

அட்டைகள் எல்லாம் தரையில் பரப்பியாயிற்று, நாலு வழியிலும் சீன் ஆர்டர் போட்டுப் பார்த்தாயிற்று, தொடக்கூடாத இடங்களில் பாதிகூட எதிலும் அமரவில்லை: ஒப்பந்தக் காலம் முடியும் முன் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதுவரை ஆன செலவு மூன்று வார வேலையும் ஒரு கட்டு அட்டையும்தான்.